ராஜாவுக்குக் கால் முளைச்ச கதை

படுத்தாச்சா? விளக்கை அணைக்கலை, பயப்படாதே. ஒரு தடவைதான் சொல்லுவேன். ‘ம்’ நின்னா கதையும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு அச்சாபீஸ். அங்கே பிள்ளைங்க கதைப் புஸ்தகத்துக்குப் படம் போடுறவ ஒருத்தி, பேரு எஸ்தர். யானை போட்டா தும்பிக்கை அசையுற மாதிரி இருக்கும். மழை போட்டா, பக்கத்தைத் தொட்டு ஈரமான்னு பார்ப்பாங்க.

“ம்.”

ஒண்ணுதான் வராது. கால். மனுஷக் கால் போட்டா குழிப்பணியாரம் மாதிரி வரும். அதனால ஒளிச்சுருவா. ராஜா வந்தா முழங்கால் அளவு புல்லு. மந்திரி வந்தா முன்னாடி ஒரு மூட்டை. கல்யாண ஊர்வலம் மொத்தமும் ஆத்துக்குள்ள நடக்கும், சளப் சளப்னு. மாப்பிள்ளை ஏன் தண்ணியில நிக்கிறான்னு முதலாளி கேட்டார். வெயில் காலம்னு சொல்லிட்டா.

“அவங்களுக்குச் சளி பிடிக்காதா?”

கதையில பிடிக்காது. குறுக்கே பேசாதே.

இப்படியே பதினோரு புஸ்தகம். அப்புறம் ஒரு நாள் சாத்தூர்லேருந்து ஒரு கார்டு வந்துச்சு. எழுதினது குருவம்மான்னு ஒரு பொண்ணு. ஒன்பது வயசு. இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு காலுக்கு இரும்புக் கம்பி வெச்ச பூட்ஸ் போட்டிருக்கிறவ. கார்டுல இவ்வளவுதான்: “அக்கா, உங்க படத்துல யாருக்கும் கால் தெரியாது. என்னை மாதிரி பிள்ளைங்களுக்காகத்தானே மறைச்சீங்க? ரொம்ப நன்றி. நானும் பாவாடையை இழுத்து மறைச்சுக்குவேன்.”

எஸ்தர் பிரஷ்ஷைக் கீழே வெச்சுட்டா. தனக்கு வராததை அவ மறைச்சா. அதுக்குப் போய் ஒரு பிள்ளை நன்றி சொல்லுது. அதைப் பார்த்து அதுவும் மறைக்குது. அடுத்த புஸ்தகம் ஓட்டப்பந்தயக் கதை வேற. உன் காலைப் படத்துல போடவான்னு கேட்டுப் பதில் எழுதினா. அங்கேருந்து வந்துச்சு: “போடுங்க. ஆனா எல்லாருக்கும் கடைசியா ஓட விடாதீங்க.”

முழிச்சிருக்கியா?

“ம்.”

வாக்குக் கொடுத்தாச்சு. இனிமே கால் வந்தே ஆகணும். முதல்ல போட்டோவைப் பார்த்துப் போட்டா. மரவள்ளிக்கிழங்கு. கிழிச்சா, சர்ர்ர். அப்புறம் கண்ணாடி வெச்சுத் தன் காலையே போட்டா. கத்திரிக்காய், காம்போட. அதுவும் சர்ர்ர்.

அப்போ பக்கத்து அறையில அச்சு மிஷின் டக்கடக் டக்கடக்னு ஓடிக்கிட்டிருந்துச்சு. அதைக் காலால மிதிச்சு ஓட்டுறவன் ஒருத்தன், மகா சிடுமூஞ்சி. நேரா போய் அவன் முன்னாடி தரையில உக்காந்துட்டா. காலைக் காட்டுங்கண்ணேன்னு கேட்டா. எனக்கு வேலை கிடக்கு, போம்மான்னான். போகலை.

மூணு நாள் உக்காந்திருந்தா. கட்டைவிரல் கோணல், குதிங்கால் வெடிப்பு, ஒண்ணையும் விடலை. கொஞ்சம் அழகா போட்டா என்னவாம்னு அவன் உறுமினான்.

“அழகு வேணாம்ணே. கால் வேணும்.”

மூணாம் நாள் சாயங்காலம் காகிதத்துல ஒரு கால் நின்னுச்சு. நல்லா தரையை அழுத்திக்கிட்டு.

அப்புறம் புஸ்தகம் வந்துச்சு. புல்லு இல்லை, ஆறு இல்லை, மூட்டை இல்லை. குருவம்மா தன் பூட்ஸைக் காகிதத்துல வெச்சு, சுத்தி வரைஞ்சு அனுப்பியிருந்தா. அதே பூட்ஸோட ஒரு பொண்ணு டங்கு டங்குன்னு எல்லாருக்கும் முன்னாடி ஓடுறா. பின்னாடி ஊரே ஓடுது. சிம்மாசனத்துல ராஜா, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, காலை முன்னால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கார்.

சாத்தூர்லேருந்து இன்னொரு கார்டு: “அக்கா, நான் இப்ப பாவாடையை இழுக்கறதில்லை. ராஜா கால் ரொம்பக் கோணல். அதுக்கு என் காலே தேவலை.”

எஸ்தர் அதை எடுத்துட்டுப் போய் மிஷின்காரனுக்குப் படிச்சுக் காட்டிச் சிரிச்சா, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். அப்புறம் பார்வை மங்குற காலம் வரை நாப்பது புஸ்தகம் போட்டா. எந்த ராஜா வந்தாலும் அதே கால்தான்.

“தாத்தா, உங்க கட்டைவிரலும் கோணல்.”

தெரியும். நாள் பூரா மிஷினை மிதிச்ச கால் இது. இதை ஒருத்தி சிம்மாசனத்துல வெச்சா. அவகிட்ட நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதான் உன்கிட்ட சொல்றேன்.

ஓடினவங்க எல்லாரும் வீட்டுக்கு வந்து கால் கழுவிப் படுத்தாச்சு. கதையும் படுத்தாச்சு. தூங்கு.