நெய் போன இடம்

முன்னொரு காலத்தில் மாங்குன்ற நாட்டை வச்சிரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நெய் என்றால் அவருக்கு உயிர். வருஷத்துக்கு வருஷம் இலையில் நெய் ஏறியது. கூடவே ராஜாவின் உடம்பும் ஏறியது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

ஒருநாள் பொங்கலை வாயில் வைத்தவர் இலையைத் தள்ளிவிட்டார். "இதில் நெய்யே இல்லையே!"

தினமும் ராஜாவோடு பந்தியில் உட்காருகிறவர் சடையநாதர் என்ற பிரதானி. தன் மைத்துனனைத் தலைமைச் சமையல்காரனாக்க வெகுநாளாய்க் காத்திருந்தவர். அவரும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சொட்டுகூட இல்லை மகாராஜா. சமையல்காரன் ஆண்டியப்பன் திருடி விற்கிறான்" என்றார்.

"அவனைக் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்!" என்று கத்தினார் ராஜா.

"ஐயோ மகாராஜா, போன மாசத்தைவிட இன்று கூடத்தான் ஊற்றினேன்" என்று அழுதான் ஆண்டியப்பன்.

மந்திரி திருமேனியார் பொங்கலைத் தொட்டுப் பார்த்தார். நெய் மணிக்கட்டு வரை வழிந்தது. ஆனால் அதைச் சொன்னால் ராஜாவின் நாக்கைக் குறை சொன்னதாகிவிடும்.

"களவு நடந்தது உண்மைதான் மகாராஜா. திருடனை நான் பிடித்துத் தருகிறேன். நெய் வாசனைக்கு வருகிறவன் அவன். அகப்படும்வரை தாங்கள் கஞ்சியும் கீரையும்தான் சாப்பிட வேண்டும். ஆண்டியப்பன் என் காவலில் இருக்கட்டும்."

"நான் எதற்குப் பட்டினி கிடக்க வேண்டும்?" என்று சடையநாதர் தன் வீட்டில் நெய்ச்சோறே சாப்பிட்டார்.

ராஜா முதலில் மந்திரியைத் திட்டித் தீர்த்தார். போகப் போகக் கீரையே ருசித்தது. இடுப்புக் கச்சை தளர்ந்தது. ஒருநாள் பல்லக்கு வேண்டாமென்று நடந்தே சபைக்கு வந்தார்.

அன்று சபையிலேயே மந்திரி, ராஜாவுக்கும் சடையநாதருக்கும் பொங்கல் பரிமாறினார்.

"அடேயப்பா, எவ்வளவு நெய்! திகட்டுகிறதே!" என்றார் ராஜா.

"எங்கே மகாராஜா? சொட்டுகூட இல்லையே!" என்றார் சடையநாதர்.

"ஆண்டியப்பன் சமைத்ததுதான். அன்று ஊற்றியதில் பாதி நெய்" என்றார் மந்திரி. "நெய்யிலேயே ஊறினால் நாக்கு மரத்துப்போய் இன்னும் இன்னும் என்று கேட்கும், அத்தனையையும் உடம்பு சுமக்கும். திருடன் அந்தப் பழக்கம்தான் மகாராஜா. தங்கள் நாக்கை மீட்டுவிட்டேன். பிரதானியார் நாக்குதான் இன்னும் அவனிடம் இருக்கிறது."

சபையே சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. எழுந்துபோய், காவலரோடு ஓரமாக நின்ற ஆண்டியப்பனின் தோளைத் தொட்டார். "நிரபராதியைத் துரத்தப் பார்த்தேனே!" என்று தன் முத்துமாலையை அவனுக்குப் போட்டார். மந்திரிக்கு ஒரு கிராமம் கொடுத்தார். "சடையநாதரே, இனி உமக்குக் கஞ்சி. ஆண்டியப்பன்தான் ஊற்றுவான்."

அரண்மனை வாசலில் ஆண்டியப்பன் மனைவி செல்லாயி, அன்று தீர்ப்பு என்று கேள்விப்பட்டு, நாட்டைவிட்டுப் போகத் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மாலையோடு வந்தவனைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூட்டையை இப்படிக் கொடு, செல்லாயி" என்றான் அவன். "வீட்டுக்குப் போகலாம்."