தலைக்காயைப் பறித்த பூவாயி

உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குப் பால்பல்கூட முளைக்காத முன்னொரு காலத்தில், ஏழு ஏரிகளுக்கு அப்பால் ஒரு நாடு இருந்தது. (அந்தக் காலத்தில் அங்கே வெண்டைக்காய் உண்டா என்று கேட்கும் புலவர்கள் கதை முடிகிறவரை பொறுத்தருள்க.) அங்கே பூவாயிக்கும் அவள் புருஷன் மாரப்பனுக்கும் ஒரு வெண்டைத் தோட்டம் இருந்தது.

ஒருநாள் உச்சிவேளையில் பசியோடு வந்தான் மந்திரவாதி சடாமகுடன். மாரப்பன் இலை போட்டு வெண்டைக்காய்க் குழம்பு ஊற்றினான். மந்திரவாதி மென்றான், மென்றான், இன்னும் மென்றான். நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது.

"என்னய்யா இது, கயிறா?"

"காய்தாங்க சாமி. நீங்கதான் பொறுமையா மெல்லணும்."

மாரப்பன் இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"வைக்கோலாகப் போ!" என்றான் சடாமகுடன். மறுகணம் தோட்டத்து நடுவில், தலையில் சட்டியோடு ஒரு வைக்கோல் பொம்மை நின்றது.

பூவாயி மந்திரவாதியின் காலில் விழுந்தாள். அவன் மனம் இளகியது. அல்லது பல்வலி குறைந்தது.

"நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். அப்படிப்பட்ட காய் ஒரு கூடை, ஒரே நாள் பறிப்பில் கொடு. மூன்று மாதம் தவணை. தவறினால் அவன் வைக்கோல்தான். மாடு தின்றால் நான் பொறுப்பில்லை."

பூவாயி உழுதாள், எரு போட்டாள், ஊறவைத்த விதையைத் தாராளமாகத் தூவினாள். சாபத்தின் மிச்சம் மண்ணில் சிந்தியதோ என்னவோ, முளைத்த செடிகளுக்கெல்லாம் வாய் வந்துவிட்டது.

"நெருக்குது, பூவாயி, நெருக்குது!" என்றன செடிகள்.

வரிசைக்கு வரிசை ஒரு முழம், செடிக்குச் செடி ஒன்றரைச் சாண் விட்டு, நடுவில் இருந்தவற்றைக் களைந்தாள்.

"நல்லா இருப்பே, தாயே!" என்றன மிச்சச் செடிகள்.

சில நாள் கழித்து ஒரு செடி முனகியது. "என் இலை நரம்பு மஞ்சளாச்சு. என்னைப் பிடுங்கிடு. இல்லேன்னா எல்லாருக்கும் ஒட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடுங்கினாள். தூரத்தில் கொண்டுபோய் எரித்தாள்.

"நல்லா இருப்பே, தாயே!" என்றன மிச்சச் செடிகள்.

பூத்தது, காய்த்தது. ஆனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம். செடி தந்த முதல் காய், அதாவது தலைக்காய், சாமிக்கு. அதை யாரும் தொடமாட்டார்கள். நன்றிக்கடனாகச் செடியிலேயே காய விடுவார்கள். பூவாயியும் விட்டாள். தலைக்காய்கள் மாட்டுக்கொம்புபோல் நீண்டு முற்றின. பூ நின்றுபோனது. பறித்த காய் கூடையின் அடியைக்கூட மறைக்கவில்லை.

"நம்ம நாட்டுல செடிக்கு ஒன்பது காய்தாண்டி. தலையெழுத்து!" என்றாள் அடுத்த தோட்டத்து வேலாத்தா.

தவணைக்கு இருபது நாள்தான் இருந்தது. பொம்மையின் நெஞ்சிலிருந்து ஒரு குருவி வைக்கோலை உருவிக்கொண்டு பறந்தது. பூவாயி செடியைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏன் பூக்கமாட்டேங்கிறே?"

"என் புள்ளை முத்தி நிக்குதே, பாக்கலையா? விதை விளைஞ்சாச்சு. என் வேலை முடிஞ்சது. இனி எதுக்குப் பூக்கணும்?"

பூவாயி கத்தியை எடுத்தாள்.

"அடிப்பாவி! சாமி கண்ணைக் குத்தும்!" என்று வேலியைத் தாண்டிக் குதித்து வந்தாள் வேலாத்தா.

பூவாயி வானத்தைப் பார்த்துச் சொன்னாள்: "சாமி, நீ தந்ததுக்குப் பதிலா இத்தனை காலமும் உனக்கு நாரைத்தான் கொடுத்தோம். கோவிச்சுக்காதே. இனிமே பிஞ்சாப் பறிச்சு, குழம்பு வச்சுப் படைக்கிறேன்."

வெட்டினாள். ஒன்றுவிடாமல் வெட்டினாள். சாமி யார் கண்ணையும் குத்தவில்லை.

நாலாம் நாள் மொட்டு வந்தது. அதன்பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாள். ஒரு காயையும் முற்ற விடவில்லை. பறிக்கப் பறிக்கச் செடி பூத்தது. இருபதாம் நாள் ஒரே பறிப்பில் கூடை நிரம்பி வழிந்தது.

சடாமகுடன் வந்து ஒடித்துப் பார்த்தான். டக். டக். டக்.

பொம்மை தும்மியது. சட்டி விழுந்து உடைந்தது. மாரப்பன் மூக்கிலிருந்து ஒரு வைக்கோலை உருவியபடி, "பூவாயி, உயிரு நீ கொடுத்தது," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"செடிங்க சொல்லுச்சு, நான் கேட்டேன். போய்க் கால் கழுவிட்டு வாங்க மாமா."

சாமிக்குப் படைத்து, வேலாத்தாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்து, மந்திரவாதிக்கும் இலை போட்டாள். மூன்றாவது முறை குழம்பு வாங்கியபோது சடாமகுடன் "ந... நன்றி, அம்மணி" என்றான். அவன் கற்ற ஆயிரம் மந்திரங்களிலும் அந்தச் சொல் இல்லாததால் நாக்கு கொஞ்சம் திக்கியது.

அவர்கள் வயிறு குளிர வாழ்ந்தார்கள். கேட்ட நீங்களும் அப்படியே வாழ்க.