சடையன் தனியே தூக்கிய கூடாரம்

மூங்கில் காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தது. நல்ல பலசாலி. கறையான் புற்றை ஒரே அறையில் பிளந்துவிடும். தன் பலத்தைப் பற்றி அதற்கு இருந்த கர்வம் பலத்தைவிடப் பெரியது.

அந்தக் காட்டில் மழை ஓய்ந்ததும் பனி இறங்கும். பட்டப்பகலிலேயே பக்கத்து மரம் தெரியாது. பறவைகள் வாயைத் திறக்காது. பனிக்குள் ஏதோ ஒன்று நடமாடியது. அதை யாரும் கண்டதில்லை. ஈர இலைகள்மேல் அது நடந்துபோகும் சத்தத்தைத்தான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். போன வருடம் ஒரு நரி வெளியே தனியாகப் படுத்திருந்தது. பனி விலகியபோது அது படுத்த இடத்தில் புல் மட்டும் அழுந்திக் கிடந்தது.

அதனால் பனிக்காலம் வந்தால் விலங்குகள் எல்லாம் பாறைக் குகைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். சடையனுக்கு அந்த நெருக்கம் பிடிக்காது. ஒருவர் கால் இன்னொருவர் முகத்தில் படும். குட்டிகள் முதுகில் ஏறி விளையாடும்.

இந்த வருடம் சடையனுக்கு ஒரு வழி கிடைத்தது. சுற்றுலா வந்த சிலருடைய ஜீப் காட்டுப் பாதையில் சேற்றில் சிக்கிக்கொண்டது. அதன் கூரைமேல் ஒரு கூடாரம் இருந்தது. மடித்தால் பெட்டி, விரித்தால் மெத்தை போட்ட வீடு; ஏறுவதற்கு ஜீப்பின் பக்கத்தில் ஓர் ஏணி. பாரத்தைக் குறைக்க அதைக் கழற்றிக் கீழே வைத்தார்கள். அப்படியும் வண்டி நகரவில்லை. பனி எட்டிப் பார்த்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

"இதை மறுபடி மேலே ஏத்திட்டா உயரத்துல ராஜா மாதிரி கிடக்கலாம்!" என்றது சடையன்.

குகைக்குப் போகும் வழியில் மண்ணாத்தா என்ற காட்டுப்பன்றி தன் குட்டிகளோடு அங்கே வந்தது. கூடவே வாலன் என்ற குரங்கும் வந்தது.

"சடையண்ணே! இது ரொம்பக் கனமாச்சே! நாங்களும் ஒரு கை பிடிக்கிறோம்" என்றது மண்ணாத்தா.

"நான் மேலே உட்கார்ந்து கயிறு கட்டி இழுக்கிறேன், நீங்க கீழேயிருந்து தள்ளுங்க!" என்று வாலன் ஜீப்பின்மேல் தாவியது.

சடையன் யோசித்தது. இன்றைக்குக் கை பிடித்தால் நாளைக்கு உள்ளே இடம் கேட்பார்கள். அப்புறம் குகைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"ஒண்ணும் வேண்டாம்! இறங்குடா கீழே! எனக்குக் கை இருக்கு, பலம் இருக்கு!"

"பனி இறங்குது அண்ணே. தனியா நிக்காதீங்க" என்றது மண்ணாத்தா.

"போன்னு சொல்றேன்ல!"

மண்ணாத்தா குட்டிகளை முன்னால் விட்டு நடந்தது. வாலன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

சடையன் இரண்டு பருத்த மூங்கில்களை ஜீப்பின்மேல் சாய்த்து வைத்தது. பெட்டியை அவற்றின்மேல் ஏற்றித் தோளைக் கொடுத்துத் தள்ளியது. பெட்டி மெல்ல மெல்லச் சறுக்கி மேலே போனது. பாதி தூரத்தில் ஒரு மூங்கில் மளாரென்று முறிந்தது. மொத்தப் பாரமும் சடையனின் நெஞ்சில் வந்து இறங்கியது.

அதற்கு மேல் தள்ள முடியவில்லை. விடவும் முடியவில்லை. விட்டால் பெட்டி சடையனையே நசுக்கிவிடும். பின்கால்கள் சேற்றில் வழுக்கின. மூச்சு முட்டியது.

அப்போது பனி வந்து மூடியது. தன் கையே தனக்குத் தெரியவில்லை.

சளக்... சளக்... ஈர இலைகள்மேல் சத்தம் வந்தது. சடையனின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"தூக்கட்டுமா?"

கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போன்ற குரல்.

"யாரு?" என்றது சடையன்.

"தூக்கட்டுமா?"

சடையன் சேற்றில் இன்னும் சறுக்கியது. "யாரா இருந்தா என்ன? தூக்கு!"

அடுத்த கணம் பாரமே இல்லை. பெட்டி பஞ்சுபோல் எழும்பிக் கூரைமேல் போய் உட்கார்ந்தது. சடையன் திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை.

"நல்ல ஆளு! இடமும் கேட்கல, ஒண்ணும் கேட்கல!" என்று சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறியது. கூடாரத்தை விரித்தது. மெத்தையில் கை காலை நீட்டிப் படுத்தது.

கீழே ஏணியின் முதல் படி கிறீச்சிட்டது. பிறகு அடுத்த படி. ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாசல் துணி உள்பக்கமாகப் புடைத்தது.

"நகர்ந்து படு" என்றது அந்தக் குரல்.

"இது என் கூடாரம்!"

"தூக்கு என்றாய். தூக்கினேன். நகர்ந்து படு."

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் மெத்தை அழுந்தியது. செத்த மீனைத் தொட்டதுபோல் ஒரு குளிர்ச்சி சடையனின் விலாவில் பட்டது. சடையன் நகர்ந்தது.

"இன்னும் கொஞ்சம்."

மறுபடி நகர்ந்தது. மூக்கு துணிச் சுவரில் முட்டியது. அதற்கு மேல் நகர இடமில்லை.

"இன்னும் கொஞ்சம்."

"மண்ணாத்தா! வாலா! நான் புத்தி கெட்டுப் பேசிட்டேன்! யாராவது வாங்களேன்!" என்று சடையன் அலறியது.

குகைக்குள் அந்த அலறல் கேட்டது.

"அது அண்ணன் குரல்தானா? அண்ணன் கெஞ்சி நான் கேட்டதே இல்லையே! பனி ஏமாத்துதோ?" என்றது வாலன்.

"அண்ணனே கெஞ்சுதுன்னா விஷயம் பெரிசு. எந்திரி!" என்றது மண்ணாத்தா.

குட்டிகளைப் பிரிந்துபோக மண்ணாத்தாவுக்கு மனம் வரவில்லை. ஒன்றன் வாலை ஒன்று கவ்வியபடி மண்ணாத்தாவும் குட்டிகளும் வாலனும் வரிசையாகப் பனிக்குள் இறங்கினார்கள். இலைச் சத்தம் எதுவும் அவர்களைத் தொடரவில்லை. அது வேறு இடத்தில் இருந்தது.

ஒரு பக்கமாகச் சாய்ந்த ஜீப்பையும் புடைத்த கூடாரத் துணியையும் கண்டதும் வாலன் கத்தியது. "அண்ணே! உள்ளே உங்ககூட யாரு?"

"தெரியலைடா! ஏறி வாங்க! எல்லாரும் ஏறி வாங்க!"

வாலன் ஏணியில் நின்று ஒவ்வொரு குட்டியாக மேலே கொடுத்தது. சடையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைக்கு வந்ததையெல்லாம் வாங்கித் தன் பக்கத்தில் அடுக்கியது. சூடான உடம்புகள். சேற்று வாசனை. ஒவ்வொரு குட்டி வரவரக் குளிர்ச்சி ஓர் ஓரத்துக்கு ஒதுங்கியது. கடைசியில் மண்ணாத்தா மூச்சு வாங்க ஏறி, தன் பெரிய உடம்பை வாசலில் திணித்தது. குளிர்ந்த காற்று ஒன்று அதை உரசிக்கொண்டு வெளியே போனது.

"என் இடம்?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

 மண்ணாத்தா சடையனின் கையில் மூக்கை வைத்தது.

"இடம் இல்லை. என் ஆளுங்க வந்துட்டாங்க" என்றது சடையன்.

சளக்... சளக்... சத்தம் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. பனி மெலிய மெலிய அதுவும் மெலிந்தது. பிறகு கேட்கவில்லை.

அந்தப் பனிக்காலம் முழுவதும் அவர்கள் கூடாரத்தில் ஒன்றாகவே இருந்தார்கள். மெத்தையின் ஓரத்தில் ஒரு பள்ளம் மட்டும் கடைசிவரை நிமிரவே இல்லை. எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அதில் யாரும் படுக்கவில்லை.

பங்கு கொடுக்க மனமில்லாமல் தன்னைச் சேர்ந்தவர்களின் உதவியைத் தள்ளுகிறவன், முகம் தெரியாத ஒன்றுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிடுகிறான்.