மீன் பழுக்கக் காத்திருந்த கரடி

கடலும் ஆறும் சேர்கிற முகத்துவாரத்துக்கு ஒரு கரடி வந்து சேர்ந்தது. அதன் பெயர் சடையன். மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் பிறந்து வளர்ந்த கரடி. பழத்தைத் தவிர வேறு எதையும் அது மதித்ததே இல்லை. எந்தப் பழம் என்றைக்குப் பழுக்கும் என்று அதைக் கேட்டுத்தான் காட்டில் மற்ற கரடிகள் கிளம்பும். அந்தப் பெருமை அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வருடம் பூக்கிற சமயத்தில் உறைபனி கொட்டிவிட்டது. காட்டில் ஒரு செடிகூடக் காய்க்கவில்லை. பனிக்காலம் முழுக்கக் கரடி குகைக்குள் படுத்துத் தூங்கும். அதற்கு முன்னால் உடம்பில் கொழுப்பு ஏறியாக வேண்டும். ஏறாமல் போய்ப் படுத்த கரடி திரும்ப எழுந்திருப்பது நிச்சயமில்லை. அதனால்தான் சடையன் மலை தாண்டி ஆற்றுக்கு வந்தது.

அங்கே குட்டையன் என்கிற நீர்நாய் வாய் நிறைய மீனோடு உட்கார்ந்திருந்தது.

"வாங்கண்ணே, வாங்க! நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. சால்மன் மீனெல்லாம் கடலை விட்டு இப்பதான் ஆத்துல ஏறுது. அள்ளித் தின்னுங்க!"

சடையன் தண்ணீரில் கையை விட்டு ஒரு மீனை அள்ளியது. மேல்தோல் வெள்ளி மாதிரி மின்னியது. ஒரு கடி கடித்தது. உள்ளே சதை பழுத்த பப்பாளி நிறம்! கொழுப்பு தாடையில் வழிந்தது.

"அடேயப்பா! என்ன சிவப்பு! என்ன ருசி!" என்று கரடி கண்ணை மூடிக்கொண்டது. முள்ளைக்கூட விடவில்லை.

அடுத்து ஒரு பெரிய மீன் கையில் அகப்பட்டது. அதன் பெயர் வெள்ளிச்சி. வயிறு நிறைய முட்டை வைத்திருந்த தாய் மீன். ஆற்றின் தலைமாட்டில், மலையடிவாரத்தில், கூழாங்கல் மடு ஒன்று இருக்கிறது. வெள்ளிச்சி பிறந்த இடம் அது. அங்கே போய் முட்டையிட வேண்டும். வழியில் செத்தால் அத்தனை குஞ்சுகளும் அதோடு சேர்ந்து சாகும்.

"அண்ணே, அண்ணே! என்னை விட்டுடுங்க! மேல் மடுவுல எனக்கு ஒரு வேலை இருக்கு. அதை முடிச்சுட்டு நானே வந்துடுறேன்!"

சடையன் சிரித்தது. "வாய்க்குப் பக்கத்துல வந்த பிறகு வேலையாம், வேலை! உன் ஜாதிக்காரன் ஒருத்தனை இப்பதான் தின்னேன். உள்ளே எப்படிச் செவந்திருந்தான் தெரியுமா?"

வெள்ளிச்சி கரடியின் முகத்தைப் பார்த்தது. சிவப்பு என்று சொல்லும்போதே அதற்கு எச்சில் ஊறியது. வெள்ளிச்சிக்கு ஒரு யோசனை வந்தது.

"இப்ப உள்ளேதான் சிவப்பு அண்ணே. மேல் மடுவுக்குப் போறதுக்குள்ள எங்களுக்கு மேல்தோலும் மிளகாப்பழமாட்டம் செவந்துடும்."

சடையனின் பிடி தளர்ந்தது. "என்னது? தோலும் செவக்குமா?"

"செவக்கும். சத்தியமா."

"அப்படின்னா..." கரடி தலையைச் சொறிந்தது. "அப்படின்னா நீ இப்ப காய்!"

சடையன் வெள்ளிச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"ஆமா, காய்தான்! தோல் வெளுப்பா இருந்தா காய், செவந்தா பழம். இதுகூடத் தெரியாமலா நான் இத்தனை வருஷம் காட்டுல இருந்தேன்? காயே இந்த ருசின்னா, பழுத்தா என்ன ருசி இருக்கும்! ஏய் மீனே, அப்ப இதைவிட ருசியா இருப்பியா?"

"அதைத் தின்னு பார்த்து நீங்கதான் சொல்லணும் அண்ணே. நான் என்னத்தைக் கண்டேன்?"

குட்டையன் வாயிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தது.

"அண்ணே! கூறு கெட்டுப் போகாதீங்க! மீன் என்ன மரத்துலயா காய்க்குது? ஆத்துல ஏறிட்டா அதுங்க வாயில ஒண்ணும் போடாதுங்க. பட்டினி கிடந்தே நீந்தும். போகப் போகக் கொழுப்பெல்லாம் கரைஞ்சுடும். இப்ப தின்னாத்தான் உண்டு!"

"போடா! நான் மேலே போயிட்டா இங்க இருக்கிறதெல்லாம் உனக்குத்தானே? அதான் பயப்படுறே!"

"எனக்குப் போதும் போதும்னு கிடக்குண்ணே. இலவு காத்த கிளியாட்டம் ஆயிடாதீங்க!"

"கிளிக்குப் பழத்தைப் பத்தித் தெரியாது. எனக்குத் தெரியும்!" என்றது சடையன். "உண்மையைச் சொல்லணும்னா, நான் தின்ன மீன்கூடக் கொஞ்சம் புளிப்பாத்தான் இருந்துச்சு. இப்ப யோசிச்சா பல்லு கூசுது."

புளிப்பாவது, மண்ணாவது! பெருமை தலைக்கு ஏறிவிட்டால் நாக்குகூடப் பொய் சொல்லும். சடையன் வெள்ளிச்சியைத் தண்ணீரில் விட்டது. அது மட்டுமா? ஆற்றில் கூட்டம் கூட்டமாகப் போன வெள்ளி மீன்களையெல்லாம் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. "போங்க, போங்க. நல்லாப் பழுத்துட்டு இருங்க. நானும் பின்னாலேயே வர்றேன்!"

மீன்கள் அருவி தாண்டிப் பாறை தாண்டி எதிர்நீச்சல் போட்டன. சடையன் கரையோரமாக நடந்து மேல் மடுவுக்குப் போய்ச் சேர்ந்தது. வயிறு பசித்தது. வழியில் புல்லையும் வேரையும் பிடுங்கித் தின்று சமாளித்தது.

மீன்கள் ஒவ்வொன்றாக மடுவுக்கு வந்தன. வெள்ளிச்சி சொன்னது பொய்யில்லை. எல்லாத் தோலும் சிவந்துகொண்டிருந்தது. மடுவே தீப்பிடித்த மாதிரி இருந்தது. சடையனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நரி மெதுவாகக் கரைக்கு வந்தது.

"ஏய், கை வைக்காதே! இது என் தோட்டம்! இன்னும் பழுக்கலை!" என்று சடையன் விரட்டியது.

நரிக்கு ஒன்றும் புரியவில்லை. கரடிக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போனது. கழுகு ஒன்று மேலே வட்டமிட்டது. சடையன் கல்லை விட்டெறிந்தது. இப்படியே தோட்டக்காவல் நடந்தது. முட்டையிட்டு முடிகிற வரை அந்த மடுவில் ஒரு தாய் மீனையும் யாரும் தொடவில்லை.

வெள்ளிச்சி வாலால் கூழாங்கல்லை விலக்கிப் பள்ளம் பறித்தது. முட்டைகளை அதில் இட்டது. திரும்பக் கல்லைத் தள்ளி மூடியது. வால் கிழிந்து நாராகத் தொங்கியது. ஆனாலும் அதன் மனசு நிறைந்திருந்தது.

காற்றில் பனி வாசனை அடித்தது. "சரி, பழுத்தாச்சு!" என்று சடையன் எழுந்து, இருப்பதிலேயே நன்றாகச் சிவந்த ஆண் மீன் ஒன்றைத் தூக்கிக் கடித்தது.

துப்பியது.

உள்ளே சதை சுரைக்காய் மாதிரி வெளுத்திருந்தது. கடித்தால் தண்ணீர்தான் வந்தது. கொழுப்பு மருந்துக்கும் இல்லை. "இது சொத்தைப் பழம் போலிருக்கு" என்று இன்னொன்றைத் தூக்கியது. அதுவும் சுரைக்காய்! மூன்றாவதும் அப்படியே! மேலே மிளகாய்ப்பழம், உள்ளே சுரைக்காய்.

"ஐயோ! மோசம் போனேனே!" என்று கரடி மார்பில் அடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் கரையோரத்தில் ஒரு சின்னச் சலசலப்பு கேட்டது. வெள்ளிச்சி தள்ளாடித் தள்ளாடி வந்து நின்றது.

"வந்துட்டேன் அண்ணே. சொன்ன சொல் தவறலை."

"ஏமாத்துக்காரி! பழுப்பேன்னு சொன்னியே!"

"செவப்பேன்னு சொன்னேன். செவந்துட்டேன். பழுப்பேன்னு சொன்னது நீங்க."

"உள்ளே இருந்த சிவப்பெல்லாம் எங்கேடி போச்சு?"

"கொடுக்க வேண்டிய இடத்துல கொடுத்துட்டேன்" என்றது வெள்ளிச்சி. "நரிகிட்டேயும் கழுகுகிட்டேயும் இருந்து எங்களைக் காப்பாத்தினீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனி எனக்கு ஒரு வேலையும் இல்லை. தின்னுக்கோங்க."

சடையன் வெள்ளிச்சியைத் தின்றது. பசிக்கு ருசி தெரியாது என்பார்கள். சடையனுக்குத் தெரிந்தது. ருசியே இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

மூச்சு வாங்க முகத்துவாரத்துக்கு ஓடி வந்தது. ஆறு வெறிச்சோடிக் கிடந்தது. குட்டையன் மட்டும் கொழுகொழுவென்று பாறையில் புரண்டுகொண்டிருந்தது.

"என்னண்ணே, நல்லாப் பழுத்துச்சா?"

சடையனுக்கு அழுகை வந்துவிட்டது. "டேய் குட்டையா, வெள்ளி மீன் ஒண்ணாவது மிச்சம் இருக்காடா?"

குட்டையனுக்கும் பாவமாகப் போய்விட்டது. "இனி அடுத்த வருஷம்தான் அண்ணே. நான் அப்பவே தொண்டை கிழியக் கத்தினேனே!"

ஒட்டிய வயிற்றோடு சடையன் குகைக்குள் போய்ப் படுத்தது. பனி விழுந்து வாசலை மூடியது. வெள்ளி மீனை வெள்ளியாகவே தின்ற மற்ற கரடிகள் கொழுப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கின. சடையன் குளிரில் நடுங்கி நடுங்கி விழித்துக்கொண்டே கிடந்தது. செத்துப் பிழைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பனி உருகியது. எலும்பும் தோலுமாகச் சடையன் குகையை விட்டு வெளியே வந்தது. தண்ணீர் குடிக்கத் தட்டுத் தடுமாறி மேல் மடுவுக்குப் போனது.

கூழாங்கல் இடுக்குகளிலிருந்து குட்டிக் குட்டி மீன்கள் புறப்பட்டு வந்துகொண்டிருந்தன. ஊசி அளவு உடம்பு. கண்ணாடி மாதிரி மேனி. ஒவ்வொன்றின் வயிற்றிலும் முட்டைக்குள்ளேயே தாய் கட்டிக்கொடுத்த சோற்று மூட்டை ஒன்று தொங்கியது. அந்த மூட்டையின் நிறம் பழுத்த பப்பாளி நிறம்.

சடையன் குனிந்து பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"அட, சிவப்பெல்லாம் இங்கேயா வந்து சேர்ந்துச்சு!"

கை நீட்டி ஒன்றைப் பிடிக்கலாம் என்று பார்த்தது. கையைத் தூக்கத் தெம்பில்லை. குஞ்சுகள் அதன் கால்களுக்கு நடுவே புகுந்து கடலைப் பார்த்துப் போய்விட்டன.

பழத்துக்குப் போடுகிற கணக்கை மீனுக்கும் போட்டு, மேல்தோல் சிவக்கட்டும் என்று காத்திருக்கிறவன் கைக்கு வந்த நல்லதையும் இழந்து பட்டினி கிடப்பான்.