இடுப்பில் கட்டிய இரும்பு

“அம்மா, இதுல எதை வாங்கட்டுங்க?”

சென்னியப்பன் போனை நீட்டினார். அதில் இரண்டு கைத்துப்பாக்கிகளின் படங்கள் இருந்தன.

குழந்தையம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடம் ரொம்பச் சின்னது. ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு கிணறு, தங்கியிருக்கும் நாலைந்து பேர். அம்மைதான் அதற்குத் தலைவி. காவி கட்டுவதற்கு முன்னால் அரசு மருத்துவமனையில் நர்சாக இருந்தவர். சென்னியப்பனைவிட வயதில் நன்றாகவே இளையவர். ஆனாலும் அவரிடம் தீட்சை வாங்கிய நாளிலிருந்து சென்னியப்பன் அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மனதில் எது உறுத்தினாலும் இங்கே வந்து கேட்டுவிடுவார்.

இப்படி ஒன்றை அவர் கேட்டதில்லை.

எதற்கு என்று அம்மை விசாரிக்கவில்லை. அவருக்குத் தெரியும்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார் சென்னியப்பன். பட்டறைக்கு எதிரே ஒரு டீக்கடை. மாசி மாதத்தில் ஒரு காலை அந்தக் கடை வாசலில் அவருடைய சிநேகிதர் அங்கமுத்துவை வெட்டிப் போட்டார்கள். கல்குவாரி வைக்கிற வெடியில் ஊர்க் கிணறுகள் இடிந்து விழுகின்றன என்று கலெக்டரிடம் மனு கொடுத்தவர் அங்கமுத்து. வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை.

டீக்கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். போலீஸ் வந்து கேட்டபோது அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சென்னியப்பன் மட்டும் பார்த்ததைச் சொன்னார்.

அதற்கப்புறம் ஒருவன் வீட்டுக்கு வந்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். மனைவி பூங்கொடி சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, “பாப்பா எந்தக் காலேஜுங்க்கா?” என்று மகளைப் பற்றி மரியாதையாகக் கேட்டான். சொம்பைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போட்டது அதற்குப் பிறகுதான். அது கிடைத்தும் விட்டது. கடைதான் கோயம்புத்தூரில்.

“இது ரிவால்வருங்கம்மா. நம்பிச் சுடலாம், குண்டு சிக்காது. ஆனா நடுவால உருளை தடிச்சு இருக்குது பாருங்க, சட்டைக்கு மேல புடைச்சுக் காட்டிக் குடுத்துரும். இது பிஸ்டலுங்க. தட்டை. இடுப்புல சொருகினா இருக்கறதே தெரியாது. ஆனா சின்னதுங்கறதால கைக்குள்ள சரியா நிக்காதுன்னு கடைக்காரர் சொல்றாருங்க.”

“யாருக்குத் தெரியக்கூடாது?”

“யாருக்குமேங்க.”

“வெட்ட வர்றவனுக்கு?”

“அவனுக்குந்தானுங்க.”

“தெரிஞ்சா வரமாட்டானே?”

சென்னியப்பன் யோசித்தார். “தெரிஞ்சா வேற மாதிரி வருவானுங்க.”

“பூங்கொடிக்குத் தெரியலாமா?”

“அவ பயந்துக்குவாங்க.”

“பாப்பாவுக்கு?”

அவர் கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

“அந்த ஆளு கேட்டுட்டுப் போனது பாப்பாவை. இதைப் பாப்பா கையில குடுத்துக் காலேஜுக்கு அனுப்புவீங்களா?”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “உங்களுக்கென்னங்கம்மா, மலையடிவாரத்துல உக்காந்துக்கிட்டு...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். முகம் சிவந்து போயிற்று.

அம்மை போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“வாங்கறதுக்கு முன்னால பழகிக்குங்க. உங்க பட்டறையில இல்லாத இரும்பா? இதே கனத்துக்கு, இதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்குங்க. இடுப்புல கட்டிக்கிட்டு நடமாடுங்க. ஒருத்தருக்கும் தெரியாம இருக்கோணும். அப்புறமா வந்து எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

கீரையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இது நல்ல யோசனையாகத்தான் சென்னியப்பனுக்குப் பட்டது. பட்டறைக்குப் போனதும் தடித்த தகட்டில் தானே வெட்டினார். கைப்பிடி மாதிரி வளைவு வைத்தார். முனைகளை அரத்தால் ராவி மழுக்கினார். பழைய பெல்ட்டில் ஒரு உறை தைத்து, வலது இடுப்பில் சட்டைக்குள் கட்டிக்கொண்டார்.

முதலில் குத்தியது. குனிந்தால் விலாவில் இடித்தது. சட்டையை ஒரு சைஸ் பெரிதாக வாங்கினார். டீக்கடை பெஞ்சில் ஓரத்தில்தான் உட்கார்ந்தார், இடப்பக்கம் மட்டும் ஆள் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டார். யாராவது தோளில் கை போட வந்தால் விலகினார்.

“இடுப்புல என்னங்க, பிடிச்சுக்கிச்சா?” என்று பூங்கொடி கேட்டாள். “ஒரு பக்கமா நடக்கறீங்க. தைலம் போட்டுத் தேச்சு விடட்டா?”

“ஒண்ணும் வேண்டாம் போ.”

கட்டிலைத் தனியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த இரும்பு அவருக்குத் தைரியம் கொடுத்தது. சிநேகிதர் செத்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்கியதில்லை. இப்போது தூக்கம் வந்தது. ரோட்டில் பைக் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பார். இப்போது கை தானாகச் சட்டைக்கு மேல் போய் அந்தக் கனத்தைத் தொட்டுப் பார்க்கும். பயம் அடங்கிவிடும். அது வெறும் தகடு என்பதே அவருக்கு மறந்துகொண்டு வந்தது.

மனிதர்களுடைய முகத்தைப் பார்ப்பதும் குறைந்தது. யார் வந்தாலும் முதலில் கையைப் பார்த்தார்.

லீவுக்கு மகள் தர்ஷிணி வந்தாள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு, “ப்பா!” என்று ஓடிவந்து கட்டிக்கொள்ளப் போனாள். சென்னியப்பன் சடாரென்று திரும்பினார். அவருடைய முழங்கை அவள் நெஞ்சில் பட்டது.

அவள் அப்படியே நின்றாள்.

“எம்மேல எதாவது கோபமாப்பா?”

“வேர்வையா இருக்குது சாமி. குளிச்சுட்டு வர்றேன்.”

அன்று முழுக்க அவள் அம்மாவோடுதான் இருந்தாள். சமையலறையில் இருவரும் ஏதோ தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அவர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது.

லீவு முடிவதற்கு முன்பே அவள் ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போனாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார் சென்னியப்பன். நல்ல வெயில். பழக்கடைக்குப் பக்கத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

“அண்ணோவ்! நில்லுங்க!”

யாரோ ஓடி வருகிற காலடி.

அடுத்து நடந்தது எதையும் அவர் யோசித்துச் செய்யவில்லை. சட்டை விலகியது. கை உள்ளே போனது. திரும்பியபோது கை நீண்டிருந்தது. எதிரே ஓடிவந்தவன் கையில் எதையோ தூக்கிப் பிடித்திருந்தான். சென்னியப்பன் அவனைச் சுட்டார்.

தகட்டிலிருந்து என்ன வரும்? ஒன்றும் வரவில்லை. மறுபடியும் விரலை அழுத்தினார். அதற்குப் பிறகும் அழுத்தினார்.

ஓடிவந்தவன் நின்றுவிட்டான். அங்கமுத்துவின் தம்பி நல்லுசாமி. கையில் இருந்தது தர்ஷிணியின் சாப்பாட்டுத் தூக்கு. பெஞ்சில் அவள் மறந்து வைத்துவிட்டுப் போனதைப் பார்த்து எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறான்.

“நானுங்ண்ணா,” என்றான். “நல்லு.”

சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். ஒரு ஆள் சிரித்தான். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மனிதர் ஒருவர் துருப்பிடித்த இரும்பை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வராதா?

நல்லுசாமி சிரிக்கவில்லை. அவன் அந்த இரும்பைப் பார்க்கவே இல்லை. அவருடைய கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாங்கினான். கொஞ்ச தூரம் அவருக்கு முதுகைக் காட்டாமலே போனான்.

சென்னியப்பன் அங்கிருந்து நேரே மடத்துக்கு வந்தார்.

அம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“செத்துருப்பானுங்கம்மா. அண்ணனும் போயி, இவனும் எங்கையால போயிருப்பான்.”

அம்மை துணியைப் பிழிந்தார். உதறினார். கொடியில் போட்டார்.

“எது வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். “வாங்க வேண்டாங்கறீங்களாம்மா?”

“நான் அப்படிச் சொல்லலியே.”

“சொல்லுங்க. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் விட்டுர்றேன்.”

“அவனுங்க வருவானுங்க சென்னியப்பன். வரமாட்டானுங்கன்னு என்னால சொல்ல முடியாது.”

“அப்ப நான் என்னதாங்க பண்றது? சாகறதா?”

அம்மை இன்னொரு துணியை எடுத்து அலச ஆரம்பித்தார். கிணற்று மேட்டில் காக்கை ஒன்று சோற்றுப் பருக்கையைக் கொத்திக்கொண்டிருந்தது. துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

“சாட்சி சொல்லப் போறீங்களா?”

“போறேன்,” என்றார் சென்னியப்பன். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்கு உறைத்தது.

“என்னைக்கு?”

“வர்ற திங்கக்கிழமைங்க.”

“சரி.”

மறுநாள் கோயம்புத்தூர்க் கடைக்காரர் போன் செய்தார். வேண்டாம் என்று சென்னியப்பன் சொல்லிவிட்டார். போனை வைத்ததுமே பயம் பிடித்துக்கொண்டது. திரும்பவும் அந்த எண்ணை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியதும் துண்டித்தார். பூங்கொடியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இடுப்பில் என்ன இருந்தது என்று சொன்னார். அவள் முதலில் அழுதாள். அப்புறம் திட்டினாள். அப்புறம் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை வாசற்கதவைத் திறந்தபோது வெளியே குழந்தையம்மை நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க எதுக்குங்கம்மா?”

“நேரமாச்சு. கிளம்புங்க.”

பஸ்ஸிலிருந்து இறங்கிக் கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில் அம்மை முன்னால் நடந்தார். குள்ளமான உருவம், சென்னியப்பனின் தோளுயரம்தான் இருப்பார். சென்னியப்பன் எட்டிப் போட்டுப் பக்கத்தில் வந்தபோதெல்லாம் அம்மை வேகத்தைக் கூட்டி மறுபடி முன்னால் போனார்.

கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் பைக்குகள் நின்றிருந்தன. பையன்கள் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தவனும் அவர்களோடு இருந்தான். சென்னியப்பனைப் பார்த்ததும் சிரித்த முகமாக நெருங்கி வந்தான்.

“வாங்ண்ணா. பாப்பா சௌக்கியமா?”

சென்னியப்பனின் கை தானாக இடுப்புக்குப் போனது, அங்கே ஒன்றுமில்லை.

அம்மை நின்றார். அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

“நல்லா இருக்குது கண்ணு. உன்ற பேரென்ன?”

அவன் வாயைத் திறந்தான். சொல்லவில்லை. நண்பர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“உன்ற அம்மா பேராச்சும் சொல்லு,” என்றார் அம்மை.

அவனுடைய சிரிப்பு போய்விட்டது. ஏதோ முனகிக்கொண்டு மரத்தடிக்குப் போனான்.

சென்னியப்பன் கூண்டில் ஏறினார். வெட்டியவர்களை ஒவ்வொருவராக அடையாளம் காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் அவரைக் குடிகாரன் என்றார், குவாரிக்காரர்கள் மேல் பொறாமை பிடித்தவன் என்றார். சொன்னதையே சென்னியப்பன் திரும்பத் திரும்பச் சொன்னார். நீதிபதி வழக்கைத் தள்ளி வைத்தார். ஜாமீனில் இருந்தவர்கள் அவருக்கு முன்னாலேயே படியிறங்கிப் போனார்கள்.

ஊருக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு பைக் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தது. சென்னியப்பன் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு வந்தார். குவாரி ரோடு பிரிகிற இடத்தில் அது ஒடித்துத் திரும்பிப் புழுதிக்குள் மறைந்தது.

இன்று திரும்பிவிட்டது. நாளைக்கு?

“அம்மா,” என்றார் மெல்ல. “உங்களுக்குப் பயங்கறதே கிடையாதுங்களா?”

அம்மை மடியில் இருந்த துணிப்பையை எடுத்துக் கீழே வைத்தார். அதற்கடியில் இறுகக் கோத்திருந்த இரண்டு கைகளையும் பிரித்து அவர் முன்னால் நீட்டினார்.

அவை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

“காலையில இருந்தே இப்படித்தான்,” என்றார்.