ஆறாவது கடன் ஓலை

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், வெகு காலம் முன்பு. கொன்றைநாட்டை விசயமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மனசு தங்கம், கைதான் ஓட்டைக் கை. கோட்டை கட்டக் கடல்கடந்த வணிகரிடம் ஒரு கடன், தேர் செய்ய இன்னொன்று, அந்த இரண்டுக்கும் வட்டி கட்ட மூன்றாவது. இப்படியே ஐந்து ஓலை ஆயிற்று.

இப்போது ஆறாவது. தவமிருந்து பெற்ற இளவரசனுக்குப் பெயர் சூட்டப் பொன்மண்டபம் வேண்டுமாம். ஓலை தயார், முத்திரை விழ வேண்டியதுதான் பாக்கி.

அமைச்சர் பூவணர் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார். “வேண்டாம் மன்னா. இனி நாடு தாங்காது.”

கருவூலத் தலைவர் மணவாளராயருக்கு அமைச்சர் பதவிமேல் நெடுநாளாக ஒரு கண். அவர் சிரித்தார். “வரி ஏறவில்லை, சந்தையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எல்லாக் கடனுக்கும் அசலைக் கட்டப் பதினெட்டு ஆண்டு இருக்கிறது. அமைச்சருக்கு வயதாகிவிட்டது, பயப்படுகிறார்.”

ராஜாவுக்கும் எரிச்சல். “பூவணரே, தினமும் இதே பாட்டா? இந்தக் கடனால் கஷ்டப்படுகிற ஒரே ஓர் ஆளை நாளை சபையில் காட்டும். இல்லாவிட்டால் உம் முத்திரை மோதிரம் ராயருக்கு.”

“காட்டுகிறேன்” என்றார் பூவணர்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. பிள்ளையைப் பிரிய மனமில்லாத ராஜா, தொட்டிலைச் சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்.

“எங்கே உம்முடைய ஆள்?” என்றார் ராயர்.

பூவணர் மடியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, தொட்டிலைச் சுற்றித் தரையில் வட்டம் போட்டார்.

சபை விறைத்துப்போனது. அந்த நாட்டு வழக்கம் அப்படி. கடன்பட்டவனைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டால், கடன் தீரும்வரை அவன் அதைத் தாண்டக் கூடாது, ராஜாவே ஆனாலும்.

ராஜா வாளை உருவிவிட்டார். “என் பிள்ளை யாருக்கய்யா கடன்பட்டான்?”

பூவணர் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. “ஓலையைப் படியுங்கள் மன்னா. வணிகர் அசல் கேட்டு வரும்போது தங்களுக்கு எழுபது வயது. அன்றைக்குச் சிம்மாசனத்தில் இருக்கப்போவது இவர். கோடு இவரைச் சுற்றித்தான் விழும். இவர் வயதுப் பிள்ளைகள் நாடெங்கும் தொட்டிலில் கிடக்கிறார்கள். முணுமுணுக்க அவர்களுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.”

ராயர் விடவில்லை. “அதற்கென்ன, அப்போது ஏழாவது கடன் வாங்கிக் கட்டினால் போச்சு.”

“நல்லது” என்றார் ராஜா. “அந்த ஏழாவதை உம் பேரன் பெயரில் இன்றே எழுதிவிடுவோமா?”

“ஐயோ மன்னா, என் வீட்டுப் பிள்ளையை இதில் இழுக்காதீர்கள்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சபையில் ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். ராஜா மட்டும் சிரிக்கவில்லை.

வாளை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிப் பூவணர் கையில் கொடுத்தார். தொட்டிலை ஒதுக்கிவிட்டு, தானே வட்டத்துக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“கடன் என்னுடையது. முதல் ஓலை தீரும்வரை இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன். ராயரே, கருவூலச் சாவியைப் பூவணரிடம் கொடும். விற்கிறதைச் சிம்மாசனத்திலிருந்து ஆரம்பியுங்கள்.”

ஐந்து ஓலையும் தீர ஒன்பது வருஷம் ஆயிற்று. அந்த ஒன்பது வருஷமும் விசயமாறன், விற்ற சிம்மாசனத்துக்குப் பதில், தரையில் உட்கார்ந்துதான் நாட்டை ஆண்டார். அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்த ராஜாவைப் பற்றி நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.