ஈச்சமரத்துக் காவல்

ஒரு காட்டில் உடம்பெல்லாம் முள்ளாக ஓர் ஈச்சமரம் நின்றது, குழந்தைகளே. அதன் உச்சியில், மட்டைகளின் இடுக்கில், ஓர் அணிலம்மா கூடு கட்டிக் கண் திறக்காத மூன்று பிள்ளைகளை வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் மரம் குலுங்கியது. அணிலம்மா எட்டிப் பார்த்தாள். கீழே ஒரு கரடி, அடிமரத்து முள்ளையெல்லாம் நகத்தால் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் மரநாய், "அப்படித்தான் அண்ணே, இன்னும் கொஞ்சம் மேலே" என்று ஏவிக்கொண்டிருந்தது.

அணிலம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன செய்கிறாய் கரடி?"

"முள்ளை எடுக்கிறேன். எடுத்துவிட்டால் நானே ஏறிப் பழம் தின்னலாமாம். மரநாய் சொன்னது."

"என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?"

கரடி தலையைச் சொறிந்தது. மரநாய் குழைந்தது.

"உனக்காகவும்தான் தங்கச்சி. பச்சைப்பிள்ளைகளை யாராவது முள்ளுக்குள் வைத்து வளர்ப்பார்களா? பெற்றவளுக்கே இரக்கமில்லை என்று காடே பேசுகிறது."

"காடா பேசுகிறது, நீயா?"

"கோபப்படாதே தங்கச்சி. தாய்க்குக் கோபம் அழகில்லை."

அணிலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "சரி. என் பிள்ளைகளைக் குத்துகிற முள்ளை மட்டும் எடுக்கட்டும். அது எது என்று நீயே சொல்."

மரநாய்க்கு எச்சில் ஊறியது. "கிழக்குப் பக்கம், காய்ந்து தொங்குகிற மட்டைக்கு மேலே, இரண்டாவது இடுக்கு. அங்கே மூன்று முள் நீளமாக இருக்கும். அதை எடுத்தால் போதும்."

"கேட்டாயா கரடி? கூடு எந்த இடுக்கில் என்று எந்த அணிலும் பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லாது. கீழேயிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. என் பிள்ளைகளைத் தின்ன ஏறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஏறியிருந்தால் முள் குத்தாமல் விட்டிருக்காது. அவன் காலைத் தூக்கிப் பார்."

மரநாய் முன்னங்காலை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. கரடி விடவில்லை. பிடித்துத் தூக்கிப் பார்த்தால், உள்ளங்காலில் ஓர் ஈச்சமுள் ஒடிந்து சீழ் கட்டியிருந்தது.

கரடி விட்ட அறையில் மரநாய் புதருக்கு அப்பால் போய் விழுந்து, நொண்டிக்கொண்டே ஓடியது.

கரடி வெட்கத்தோடு மேலே பார்த்தது. "தெரியாமல் செய்துவிட்டேன் தாயி. அதற்காக இவ்வளவு கோபம் ஆகாது."

"ஆகாது என்று நான் சும்மா இருந்திருந்தால் என் பிள்ளைகள் இல்லை. நீ பிய்த்த முள் இனி முளைக்காது. இவர்கள் ஓடப் பழகும்வரை இங்கே நீதான் முள். உட்கார்."

கரடி உட்கார்ந்தது.

நீதி: உன் காவலை விலக்கச் சொல்லி இரக்கம் பேசுகிறவனை நம்பாதே, அவன்மேல் கோபப்படுவது குற்றமல்ல.